காலடிப்பேட்டைத் தெருவில் ஒரு எலக்ட்ரிக் கார்

வடசென்னை காலடிப்பேட்டையில் இருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. கப்பலில் வேலை, நாலு மாசம் கடலில், ரெண்டு மாசம் வீட்டில். 2021ல் வந்த எலக்ட்ரிக் கார் ஒன்றை (30.2 யூனிட் பேட்டரி) செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறார். வீட்டில் கார் நிறுத்த இடம் கிடையாது, தெருவில்தான் நிற்க வேண்டும், வெயில் மழை எல்லாம் அதன் தலையில்தான். வெளியில் நின்றால் பேட்டரி கெட்டுவிடுமா, தான் கப்பலில் இருக்கும் நாலு மாசம் அது அப்படியே நிற்கலாமா, வாங்கினால் எத்தனை வருஷம் வைத்துக்கொள்ளலாம், இல்லை மூன்று வருஷத்தில் தள்ளிவிட வேண்டுமா என்று கேட்கிறார்.

தெருவில் நிறுத்தலாம். நான் 2021ல் இருந்து திருவொற்றியூரில் தெருவில்தான் நிறுத்துகிறேன், மணலியில் ஒரு ஆலையில் மின் பராமரிப்பு வேலை எனக்கு, அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் கிறுக்குத்தனமாகவே கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். எல்லாரும் முதலில் வெயிலைத்தான் கேட்கிறார்கள். நம் பக்கத்தில் வெயிலுக்கு மூன்றாவது இடம்தான் கொடுப்பேன். முதல் இடம் தேங்கும் தண்ணீருக்கு, இரண்டாவது உப்புக்காற்றுக்கு.

முதலில் வெயிலை முடித்துவிடுவோம். காரில் பேட்டரி தரைக்கு அடியில், உங்கள் கால் வைக்கும் இடத்துக்குக் கீழே படுத்திருக்கிறது. மேலே கூரை, சீட், பாய் எல்லாம் அதற்குக் குடை மாதிரி. கண்ணாடி மூடிய காருக்குள் மே மாதம் மதியம் கை வைக்க முடியாத சூடு இருக்கும். ஆனால் கீழே இருக்கும் அந்த நூற்றுக்கணக்கான கிலோ எடை அவ்வளவு சீக்கிரம் சூடேறாது, ஏறினால் அவ்வளவு சீக்கிரம் ஆறவும் ஆறாது. இதில்தான் சூட்சுமம். பேட்டரிக்கு மதியம் ரெண்டு மணி உச்சியைவிட, நாள் முழுக்கச் சேர்ந்த சராசரிச் சூடுதான் கணக்கு. நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது, அது ஒரு நாள் கூத்து. பிரச்சினை என்னவென்றால் மே மாத ராத்திரியிலும் நமக்குப் பெரும்பாலும் 27, 28க்குக் கீழே இறங்காது, பேட்டரிக்கு ஆறவே நேரம் கிடைக்காது. லித்தியம் செல் சும்மா இருக்கும்போதே வயதாகிறது, பத்து டிகிரி கூடினால் அந்த வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு.

இதற்கு உலகறிந்த உதாரணம் நிஸ்ஸான் லீஃப். பேட்டரியைக் குளிர்விக்க விசிறியும் இல்லை, தண்ணீர்க் குழாயும் இல்லை. 2012 கோடையில் அமெரிக்காவின் அரிசோனாவில் இருந்தவர்கள் ஒன்றரை வருஷத்திலேயே ரேஞ்ச் (ஒரு சார்ஜில் போகும் தூரம்) குறைகிறது என்று கூச்சல் போட்டார்கள், கம்பெனி பிறகு பேட்டரி கொள்ளளவுக்கும் வாரண்டி கொடுக்க வேண்டி வந்தது, செல் ரசாயனத்தையும் மாற்றியது. அரிசோனாவுக்காவது டிசம்பர் ஜனவரியில் குளிர் உண்டு. நமக்கு மார்கழியில் மப்ளர் கட்டிக்கொள்வதோடு சரி.

நீங்கள் பார்க்கிற கார் அந்த வகை இல்லை. அதில் தண்ணீர்க் குளிர்விப்பு உண்டு, செல்லும் எல்எஃப்பி வகை, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். எடைக்கு எடை மின்சாரம் கொஞ்சம் கம்மியாகத்தான் பிடிக்கும், ஆனால் சூட்டைத் தாங்கும், ஆயுளும் கூட. ஒன்று மட்டும் மறக்காதீர்கள், நிறுத்தி அணைத்து வைத்த காரில் அந்தக் குளிர்விப்பு ஓடாது. வண்டி ஓடும்போதும் சார்ஜ் ஏறும்போதும்தான் அது வேலை செய்யும். தெருவில் நிற்கிற நேரத்துக்கு நீங்கள்தான் குளிர்விப்பு. நம் தெருக்கள் குறுகல் என்று எல்லாரும் குறைபட்டுக்கொள்கிறோம், அதிலும் ஒரு நன்மை இருக்கிறது, இரண்டு பக்கமும் மாடி வீடுகள் இருப்பதால் நேர் வெயில் மூன்று நாலு மணி நேரத்துக்கு மேல் விழாது. மதியத்துக்கு மேல் எந்தச் சுவரோரம் நிழல் விழுகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்று பாருங்கள், அங்கே நிறுத்துங்கள். முடிந்தால் பச்சை நிழல்வலை ஒன்றை மாடிச் சுவரில் இருந்து இழுத்துக் கட்டலாம், பக்கத்து வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டால். தென்னை மரத்தடி வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

வெயிலோடு சேர்ந்து பேட்டரியைக் கெடுப்பது ஒன்று உண்டு. 100 சதவீதம் ஏற்றி அப்படியே நாள்கணக்கில் சூட்டில் நிறுத்துவதுதான் அது. சூடும் முழு சார்ஜும் தனித்தனியாக வந்தால் சமாளிக்கலாம், கூட்டாக வந்தால் செல் சீக்கிரம் கிழடாகும். தினமும் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு முழுசாக எதற்கு? 20ல் இருந்து 80 வரை வைத்து ஓட்டுங்கள். எல்எஃப்பி என்பதால் வாரத்துக்கு ஒரு தடவையோ கம்பெனி புத்தகத்தில் சொன்ன இடைவெளியிலோ 100 வரை ஏற்ற வேண்டும். இந்த வகை செல்லில் மின்னழுத்தம் நடுவில் ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டமாக இருக்கும், எவ்வளவு மிச்சம் என்று வண்டியின் மூளைக்கே குழப்பம் வரும், உச்சி வரை ஏற்றினால்தான் அதற்குக் கணக்கு நேராகும். ஏற்றுங்கள், ஆனால் ஏற்றிய அன்றே ஓட்டுங்கள். வெளியூர் போகிற காலையில் அதைச் செய்துவிட்டால் இரண்டும் முடிந்தது.

அப்புறம் சார்ஜ் போடும் நேரம். ஆபீஸில் இருந்து வந்து இறங்கியவுடன் பிளக்கைச் சொருகுவதுதான் எல்லாரும் செய்வது. வண்டி ஓடிய சூடு, பகல் சூடு, சார்ஜ் சூடு மூன்றும் ஒன்றாகச் சேரும். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் போட்டால் 20ல் இருந்து 80க்கு ஆறு மணி நேரம், விடிகாலையில் முடியும், முடிந்த கையோடு கிளம்பிவிடலாம். டைமர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தூங்கப் போகும்போது சொருகுங்கள்.

சரி, உப்புக்கு வருகிறேன். காசிமேட்டில் இருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் இருக்கிற நமக்கு இது தெரியாத விஷயம் இல்லை, ஜன்னல் கம்பி எத்தனை வருஷத்தில் உதிர்கிறது என்று பார்த்தவர்கள்தானே. பெட்ரோல் காரைவிட எலக்ட்ரிக் காருக்கு உப்பால் வரும் ஒரு தனித் தொல்லை பிரேக் டிஸ்க். ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தாலே மோட்டார் வண்டியை இழுத்துப் பிடித்து மின்சாரமாகத் திருப்பி அனுப்பும், அதனால் பிரேக் பேடு டிஸ்க்கில் உரசவே மாட்டேன் என்கிறது. உரசாத இரும்பு கடற்காற்றில் என்ன ஆகும்? நான் முதல் வருஷம் மாட்டிக்கொண்டது இதில்தான். சர்வீஸ் சென்டரில் டிஸ்க் இரண்டையும் மாற்றச் சொல்லி பில் நீட்டினார்கள், வண்டி அப்போது பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. இப்போது வாரம் ஒரு தடவை, காலியான சாலையில், அந்த மின்சாரத் தடுப்பை ஜீரோவில் வைத்துவிட்டு நாலைந்து தடவை பிரேக்கை நன்றாக மிதிக்கிறேன். துரு உதிர்ந்து டிஸ்க் வெள்ளையாகிவிடும். மழையில் நனைந்து நின்றபின் கண்டிப்பாக இதைச் செய்யுங்கள்.

மீன் லாரி பின்னால் போகாதீர்கள். சிரிக்க வேண்டாம், காசிமேட்டில் இருந்து வருகிற லாரியில் இருந்து ஐஸ் கரைந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே வரும், பின்னால் வருகிற உங்கள் வண்டியின் அடி முழுக்க அந்தச் சாரல்தான். அடிப்பக்கம் கழுவுவது முக்கியம், எலக்ட்ரிக் காரில் பேட்டரிப் பெட்டி, அதைப் பிடித்திருக்கிற போல்ட், உயர் மின்னழுத்தம் போகிற ஆரஞ்சு கேபிள் எல்லாம் அங்கேதான். ஆனால் எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள்? நம் பக்கத்து போர் தண்ணீரே உப்புக் கரிக்கிறது, மீஞ்சூர் பக்கம் கடல் நிலத்தடியிலேயே ஏறி வந்துவிட்டது. போர் தண்ணீரில் கழுவுவது உப்பை எடுத்துவிட்டு உப்பைப் பூசுகிற வேலை. வாரம் இரண்டு குடம் மெட்ரோ தண்ணீர் இதற்கென்று ஒதுக்குங்கள், அம்மா திட்டுவார்கள், பரவாயில்லை. மழை நாளில் மாடித் தண்ணீரைப் பிடித்தால் இன்னும் உத்தமம்.

சார்ஜ் போடும் வாய் இன்னொரு இடம். அதிலுள்ள பின்களில் பச்சையோ வெள்ளையோ படிந்தால் தொடர்பு சரியாக இருக்காது, தொடர்பு சரியில்லாத இடம் சூடாகும், சூடானால் பிளாஸ்டிக் உருகும். மூடி எப்போதும் மூடியிருக்கட்டும், மாசம் ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். வீட்டுப் பக்க பிளக்குக்கும் இதேதான். 15 ஆம்ப்ஸ் பிளக்கில் ஆறு மணி நேரம் விடாமல் இழுக்கிற சாமான் வீட்டில் வேறு எதுவும் கிடையாது, ஏசிகூட நடுவில் நின்று நின்று ஓடும். மீட்டர் போர்டில் இருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர், தனி எம்சிபி (லோடு மீறினால் தானே விழும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்), உருப்படியான எர்த். நம் பழைய வீடுகளில் எர்த் என்று ஒரு பச்சை ஒயர் போகும், எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. எர்த் இல்லாவிட்டால் நல்ல சார்ஜர் சார்ஜ் ஏற்றாமல் சிவப்பு விளக்கு போடும், அதைப் பார்த்துவிட்டு எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்து முடிச்சுப் போட்டுத் தருகிற எலெக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். அவரை அப்படியே வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்த நியூட்ரல் எங்காவது அறுந்தால் கார் உடம்பு முழுக்க கரண்ட், தெருவில் விளையாடுகிற பிள்ளைதான் முதலில் தொடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நடைபாதையில் போட்டு அதன்மேல் சாக்கு போர்த்தி சார்ஜ் ஏற்றுவதும் அதே கணக்குதான்.

தண்ணீர். இதுதான் பெரியது. மழையில் நனைவது பிரச்சினையே இல்லை, மழையில் சார்ஜ் போடுவதுகூட முறையான சாதனம் என்றால் பிரச்சினை இல்லை. தேங்குகிற தண்ணீர் வேறு. பேட்டரிப் பெட்டிக்கு ஐபி67 என்று போட்டிருப்பார்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினால் தண்ணீர் உள்ளே போகாது என்பது அதன் பொருள், அதுவும் புதுப் பெட்டி, சோதனைக்கூடத்து நல்ல தண்ணீர். நம் தெருவில் தண்ணீர் அரை மணி நேரத்தில் வடிந்து பார்த்திருக்கிறீர்களா? 2015ல் எத்தனை நாள் நின்றது, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எத்தனை நாள் நின்றது? அதுவும் அந்தத் தடவை எர்ணாவூர், திருவொற்றியூர் மேற்குப் பக்கம் வீட்டுக்குள் வந்தது வெறும் தண்ணீர் இல்லை, எண்ணெய் கலந்தது. சுவரில் அந்தக் கறுப்புக் கோடு போவதற்கே மாதங்கள் ஆனது. ஐந்து வருஷம் கழித்து அந்த ரப்பர் சீல் எப்படி இருக்கும் என்று யாரும் சான்றிதழ் தருவதில்லை.

இதில் உப்புத் தண்ணீர் தனி ரகம். 2012ல் சாண்டி புயலின்போது அமெரிக்காவில் நூவர்க் துறைமுகத்தில் நிறுத்தி வைத்திருந்த ஃபிஸ்கர் கார்கள் கடல் நீர் புகுந்து எரிந்தன, 2022ல் ஃப்ளோரிடாவில் இயான் புயலுக்குப் பிறகு மறுபடியும் இது நடந்தது. உப்பு நீர் மின்சாரம் கடத்தும், வடிந்து காய்ந்த பிறகும் உப்பு உள்ளே பாலம் போட்டு உட்கார்ந்திருக்கும், நாள் கழித்துக்கூட தீப்பிடிக்கலாம். அங்கே சாலைப் பாதுகாப்பு அமைப்பு சொல்லும் அறிவுரை, மூழ்கிய வண்டியைக் கட்டடத்தில் இருந்து 50 அடி தள்ளி நிறுத்துங்கள் என்பது. 50 அடி தள்ளினால் நம் தெருவில் மூன்றாவது வீட்டு வாசல் வந்துவிடும். அதனால் மூழ்காமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி. முகத்துவாரம், பக்கிங்காம் கால்வாய் ஓரம் இருப்பவர்களுக்கு இதை ரெண்டு தடவை சொல்வேன்.

வேளச்சேரிக்காரர்கள் மழை அறிவிப்பு வந்தாலே மேம்பாலத்தில் வரிசையாகக் காரை நிறுத்திவிடுகிறார்கள், ஊரே கேலி செய்தது, நான் செய்ய மாட்டேன். மிக்ஜாமுக்கு முந்தின நாள் நான் என் காரை மேடான தெருவில் இருக்கும் மாமா வீட்டு வாசலில் விட்டேன். என் தெருவில் நின்றிருந்தால் சீட் வரை ஏறியிருக்கும். நீங்கள் இப்போதே, வெயில் காலத்திலேயே, அப்படி ஒரு இடம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், 2015லும் 2023லும் தண்ணீர் ஏறாத இடம் எது என்று தெருவில் பெரியவர்களைக் கேட்டால் அங்குலக் கணக்கில் சொல்வார்கள். ஒருவேளை மூழ்கிவிட்டால் சாவி போடாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், ஸ்டார்ட் ஆகிறதா பார்க்கலாம் என்று ஆசைப்படாதீர்கள், இழுத்துப் போகிற வண்டியைக் கூப்பிடுங்கள்.

சின்னச் சின்னது சில. பெருச்சாளி ஒயரைக் கடிக்கும், எனக்கு ஒரு முறை கடித்தது, பக்கத்தில் குப்பைத்தொட்டி இருந்தால் இடத்தை மாற்றுங்கள். கார் கவர் பற்றி என் கருத்து வேண்டாம் என்பதே. மணலி, எண்ணூர் காற்றில் வருகிற தூசியும் சாம்பலும் கவருக்கு அடியில் உப்புத்தாள் மாதிரி பெயிண்ட்டைத் தேய்க்கும், ஈரமும் உள்ளேயே தங்கும். போட்டே ஆக வேண்டும் என்றால் காற்றுப் போகிற துணிக் கவர், சார்ஜ் ஏறும்போது எடுத்துவிடுங்கள். தீபாவளி ராத்திரி எந்தக் கவரும் வேண்டாம், ராக்கெட் கவரில்தான் வந்து விழும்.

நாலு மாசம் நிறுத்துவது. பெரிய பேட்டரி தாங்கும். 50, 60 சதவீதத்தில் விட்டுப் போனால் செல் தானாக இழப்பது மாசத்துக்கு இரண்டு மூன்று சதவீதத்துக்குள்தான். 100ல் விட்டுப் போகக் கூடாது, 10ல் விட்டுப் போவது அதைவிட மோசம், அடியோடு காலியான செல்லை மீட்பது கஷ்டம், கவனக்குறைவு என்று வாரண்டியிலும் கை விரிப்பார்கள். முதலில் சாவது பானட்டுக்குள் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். எலக்ட்ரிக் கார் ஸ்டார்ட் ஆகவும், கதவு திறக்கவும், பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சைப் போடவும் அந்தச் சின்னப் பேட்டரிதான் வேண்டும். அலாரம், சிம் கார்டு எல்லாம் அதில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். நீங்கள் கப்பலில் உட்கார்ந்து கார் எப்படி இருக்கிறது என்று தினமும் செயலியைத் திறந்து பார்த்தீர்கள் என்றால், ஒவ்வொரு தடவையும் அதைத் தூக்கத்தில் இருந்து எழுப்புகிறீர்கள். ஊருக்கு வந்தபிறகு கதவே திறக்காது. சாவிக்குள் ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், அதை எப்படி எடுப்பது என்று இப்போதே பழகுங்கள்.

நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைப்பது ஒரு வழி, உங்கள் காரின் கையேடு அனுமதித்தால். என்னைக் கேட்டால் அதைவிட நல்ல வழி, சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டச் சொல்வது. சின்னப் பேட்டரி ஏறும், டிஸ்க் துரு போகும், டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகாது. எப்படியும் சாவி ஊரில் ஒருவரிடம் இருந்தே ஆக வேண்டும், மாசித் திருவிழாவில் ஒற்றியூர் தியாகராஜர் கோயில் தேர் வரும்போதும் விநாயகர் ஊர்வலத்தின்போதும் வண்டியை எடுக்கச் சொல்வார்கள், நீங்கள் சிங்கப்பூரில் இருப்பீர்கள். ஐப்பசி கார்த்திகையில் கடலில் இருந்தால் இந்த ஆள் இல்லாமல் வண்டியை விட்டுப் போகவே போகாதீர்கள், அந்த மேடான இடத்துக்கு யார் கொண்டுபோய் விடுவது? கிளம்பும் முன் டயரில் காற்றை மூன்று நாலு பவுண்ட் கூட்டி அடியுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு மாசக்கணக்கில் விட்டால் உப்புக்காற்றில் பேடு டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும், பார்க்கிங் கியர் இருந்தால் அதில் போட்டு சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சென்ட் பாட்டில், பவர் பேங்க், லைட்டர் எதையும் உள்ளே விடாதீர்கள்.

ஸ்கூட்டரும் வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். ஸ்கூட்டர் பேட்டரி சின்னது, நாலு மாசம் தாங்கும் என்று நம்ப வேண்டாம், வீட்டில் இருப்பவர்கள் மாசம் ஒரு முறை பார்த்து 50, 60க்கு ஏற்ற வேண்டும். கழற்றுகிற பேட்டரி என்றால் வாசற்படியிலோ படுக்கைப் பக்கமோ வைத்து ராத்திரி சார்ஜ் போடக் கூடாது. 2022 மார்ச்சில் வேலூரில் அப்பாவும் மகளும் இறந்தது ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்ட ஸ்கூட்டரால்தான். அதற்குப் பிறகுதான் ஏஐஎஸ் 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கி 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலுமாக இரண்டு கட்டமாகக் கொண்டுவந்தார்கள். பழைய ஸ்கூட்டர் வாங்குகிறவர்கள் தயாரித்த மாதத்தைப் பாருங்கள், 2023 ஏப்ரலுக்குப் பிந்தியது என்றால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

இப்போது எத்தனை வருஷம் என்ற கேள்வி. உங்களுக்கு ஓட்டம் குறைவு. வருஷத்துக்கு நாலு மாசம்தான் ஊரில் இருக்கிறீர்கள், வீட்டில் எடுத்து ஓட்டுவதையும் சேர்த்து வருஷம் எட்டாயிரம் கிலோமீட்டர் என்று வைப்போம். ஒரு முழுச் சார்ஜில் நிஜமாக 200 கிலோமீட்டர் போனால், வருஷத்துக்கு நாற்பது முழுச் சார்ஜ். எல்எஃப்பி செல் இரண்டாயிரத்துக்கு மேல் தாங்கும். ஓட்டித் தேய்ப்பது உங்கள் வாழ்நாளில் நடக்காது. உங்கள் பேட்டரிக்கு வயதாவது காலண்டரால்தான், அதனால்தான் மேலே இவ்வளவு நேரம் சூட்டையும் முழுச் சார்ஜையும் பற்றிப் பேசினேன். ஜியோடாப் என்ற நிறுவனம் ஆயிரக்கணக்கான வண்டிகளைப் பார்த்து 2024ல் சொன்ன சராசரி, வருஷத்துக்கு 1.8 சதவீதம் குறைகிறது என்பது. அது பெரும்பாலும் குளிர் ஊர்க் கணக்கு. நம் ஊருக்கு நான் அதை இரண்டரை, மூன்று என்று வைத்தே யோசிப்பேன். பத்து வருஷத்தில் முப்பது போனாலும் 200 கிலோமீட்டர் 140 ஆகும். காலடிப்பேட்டையில் இருந்து கிண்டி போய் வந்து, மறுபடி பெரம்பூர் மாமியார் வீட்டுக்கும் போய் வரலாம்.

மூன்று வருஷத்தில் விற்பது ஏன் முட்டாள்தனம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பெட்ரோல் நூறு ரூபாய், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஆறே முக்கால் ரூபாய். கரண்ட் யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் போட்டாலும், ஒரு யூனிட்டில் ஆறு கிலோமீட்டர், ஒன்றரை ரூபாய். ஐந்து ரூபாய் மிச்சம். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு வருஷம் நாற்பதாயிரம். புதுக் காராக எடுத்து மூன்று நாலு லட்சம் கூடக் கொடுத்தவர் எட்டுப் பத்து வருஷம் ஓட்டினால்தான் அசலைப் பார்ப்பார். செகண்ட் ஹேண்டில் அந்த நஷ்டத்தை முதல் ஓனர் உங்களுக்காக ஏற்கெனவே பட்டுவிட்டார், அதுதான் உங்கள் லாபம். நீங்களும் மூன்று வருஷத்தில் விற்றால் அதே நஷ்டத்தை அடுத்தவருக்காக நீங்கள் படுவீர்கள். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டித் தீருங்கள்.

வாரண்டியைப் பொறுத்தவரை, அந்தக் காருக்குப் புதிதாகக் கொடுத்தது 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், ஆக 2029 வரை. உங்கள் பெயருக்கு மாறுமா, சர்வீஸ் தவறாமல் செய்த பதிவு இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். சில புதுக் கார்களில் ஆயுள் முழுக்க வாரண்டி என்கிறார்கள், எம்ஜி விண்ட்ஸர் 2024ல் அப்படித்தான் வந்தது, ஆனால் அது முதல் ஓனருக்குத்தான். வாரண்டி முடிந்தபின் பேட்டரி போனால்? 2010ல் ஒரு யூனிட் கொள்ளளவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் இருந்த பேட்டரி விலை 2024ல் 115 டாலர் சராசரிக்கு வந்துவிட்டது. கடையில் நமக்கு அந்த விலைக்கு யாரும் தரமாட்டார்கள், ஆனாலும் திசை அதுதான், மொத்தப் பெட்டியையும் மாற்றாமல் கெட்ட மாட்யூலை (உள்ளே செல்கள் அடுக்கிய ஒரு கட்டை) மட்டும் மாற்றுகிறவர்களும் வருகிறார்கள்.

உண்மையில் உங்கள் கார் எத்தனை வருஷம் இருக்கும் என்பதை முடிவு செய்வது பேட்டரி இல்லை, இன்சூரன்ஸ். ஐந்தாவது வருஷத்தில் வண்டியின் காப்பீட்டு மதிப்பு விலையில் பாதிக்கு வந்துவிடும். சரி செய்யும் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் மொத்த நஷ்டம் என்று எழுதிவிடுவார்கள். பேட்டரி மட்டுமே வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், அதனால் பழைய எலக்ட்ரிக் காருக்குள் ஒரு தடவை முழங்கால் தண்ணீர் ஏறினால் போதும், செல் நல்லா இருந்தாலும் வண்டி காயலான் கடைக்குப் போய்விடும். எலக்ட்ரிக் கார்களுக்கு என்று பேட்டரிக்குத் தண்ணீர் புகுந்தால் ஈடு தருகிற கூடுதல் காப்பீடு இருக்கிறது, தெருவில் நிறுத்துகிற வடசென்னைக்காரர் அதில் காசை மிச்சம் பிடிக்கக் கூடாது.

வாங்கும் முன் ஒரு சோதனை. விற்பவர் காட்டுகிற சதவீதத்தை நம்பாமல், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் யூனிட் மீட்டரை பிளக்கில் சொருகி 20ல் இருந்து 80 வரை சார்ஜ் ஏற்றுங்கள். மீட்டரில் வந்ததில் பத்து சதவீதம் வழியில் போவது என்று கழியுங்கள், மிச்சத்தை 0.6ஆல் வகுங்கள். 17 யூனிட் காட்டினால் 15.3, வகுத்தால் 25.5. 30.2க்கு அது 84 சதவீதம், அந்த வயசுக்கு நியாயம்தான், தாராளமாக வாங்கலாம். 75க்குக் கீழே வந்தால் விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள், நடையைக் கட்டுங்கள். அதோடு ஒரு பலகை போட்டு வண்டிக்கு அடியில் படுத்து, பேட்டரிப் பெட்டி போல்ட்டுகளில் துரு எவ்வளவு, எங்காவது சேற்றுக் கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 2023 டிசம்பரில் அந்த வண்டி எந்தத் தெருவில் நின்றது என்று விற்பவரிடம் கேளுங்கள், பிறகு அந்தத் தெருவில் போய் டீக்கடையிலும் கேளுங்கள்.